வரிக்குத் திரும்ப வைக்கும் கேள்விகள்: காமன்லிட் வாசிப்புச் சேவை குறித்து ஓர் ஆசிரியரின் மதிப்புரை

“கிம்பன் தன் லோவையைத் துரப்பின்மேல் வைத்துவிட்டு நொட்டலாகச் சென்றான்” என்று ஒரு வாக்கியத்தை எழுதி, கிம்பன் எதை வைத்தான், எங்கே வைத்தான், எப்படிச் சென்றான் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்று கேள்விகளுக்கும் சரியான விடையை எழுதிவிடும். லோவை என்பது பொருளா விலங்கா, துரப்பு என்பது மேசையா கூரையா என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அந்தக் கேள்விகளால் எழவில்லை. நம் ஆங்கில வகுப்புகளில் ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். பத்தியைக் கொடுக்கிறோம், கீழே ஐந்து கேள்விகள் வைக்கிறோம், கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை மாணவர் அப்படியே பெயர்த்து எழுதுகிறார், முழு மதிப்பெண் கொடுக்கிறோம். துணைப்பாடக் கதைகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கதையைப் படிக்காமலேயே, கைடில் உள்ள சுருக்கத்தையும் வரிசைப்படுத்த வேண்டிய வாக்கியங்களையும் மனப்பாடம் செய்து தேர்வைக் கடந்துவிடலாம் என்பதை மாணவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நான், இந்தப் பழக்கத்தை உடைக்கச் செவ்வியல் சிறுகதைகளைவிடச் சிறந்த கருவி இல்லை என்று நம்புகிறவன். நல்ல சிறுகதை தன் முக்கியமான செய்தியை எந்த ஒரு வரியிலும் நேரடியாகச் சொல்லுவதில்லை. அது இரண்டு மூன்று வரிகளுக்கு இடையில் கிடக்கும். அவற்றைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அகப்படும். அத்துடன், சிறுகதையை ஒரே அமர்வில் முழுமையாகப் படித்துவிடலாம். கேட் ஷோபினின் ‘ஒரு மணி நேரத்தின் கதை’ சுமார் 1,000 சொற்கள் மட்டுமே கொண்டது. ஒரு வகுப்பிற்குள் படித்து முடித்து, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கவும் நேரம் இருக்கும். கதையின் முடிவை அறிந்த பிறகு அதன் தொடக்கத்தைத் திரும்பப் படிப்பதே வாசிப்புப் பயிற்சியின் உயிர்நாடி என்பதால், இந்த அளவு ஒரு சிறிய வசதி அன்று.

இந்த வேலைக்காக நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் காமன்லிட் என்னும் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இது அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு நடத்தும் இணைய நூலகம். இதை நிறுவிய மிஷெல் பிரவுன், மிசிசிப்பி டெல்டாவின் கிராமப்புறத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென 2,000-க்கும் மேற்பட்ட வாசிப்புப் பகுதிகள் இதில் உள்ளன. கதை, கவிதை, உரை, கட்டுரை, வரலாற்று ஆவணம் என எல்லா வகையும் உண்டு. ஆனால் என் வகுப்புகளுக்கு நான் எடுப்பது பெரும்பாலும் அதன் சிறுகதைப் பகுதியையே. மொப்பஸானின் ‘கழுத்தணி’, ஓ. ஹென்றியின் ‘ஞானியரின் பரிசு’, எட்கர் ஆலன் போவின் ‘காட்டிக்கொடுத்த இதயம்’, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ போன்ற பழைய கதைகள் சுருக்கப்படாமல் முழு வடிவில் கிடைக்கின்றன. தனி ஆசிரியருக்கும் மாணவருக்கும் கட்டணம் இல்லை. பள்ளிகளுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் பயிற்சி, தரவு அறிக்கை முதலியவற்றுடன் கூடிய கட்டணத் திட்டங்கள் தனியாக உள்ளன. எங்களைப் போன்றவர்களுக்கு அவை தேவைப்படுவதில்லை.

ஒரு கதையைத் திறந்தால், ஆசிரியரையும் காலத்தையும் அறிமுகப்படுத்தும் சில வரிகள் மேலே இருக்கும். அதன்பின் கதையின் மூலம். பத்திகளுக்கு எண் இடப்பட்டிருக்கும். கடினமான சொற்களுக்கு அடிக்குறிப்பு உண்டு. பத்தி எண் என்பது பார்வைக்கு அற்பமான ஏற்பாடு. ஆனால் வகுப்பில் ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னவுடன் “எந்தப் பத்தி?” என்று கேட்க முடிவதும், முப்பது பேரும் அந்த இடத்தை உடனே கண்டடைவதும் இந்த எண்களால்தான். நம் துணைப்பாட நூல்களிலும் இப்படி எண் இட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

கதையைத் தொடர்ந்து மதிப்பீட்டு வினாக்கள் வருகின்றன. இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள். இறுதியில் ஓரிரு பத்தி எழுத வேண்டிய வினா ஒன்று. தெரிவு வினாக்களில் பல இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும். முதற்பகுதி, கதையின் மையக் கருத்து எது, இந்தப் பாத்திரம் எப்படி மாறுகிறது என்பது போல ஒரு முடிவைக் கேட்கும். இரண்டாம் பகுதி, முதற்பகுதிக்கு நீ அளித்த விடைக்கு ஆதாரமாகக் கதையின் எந்த வரி நிற்கிறது என்று கேட்டு, கதையிலிருந்தே எடுத்த நான்கு வரிகளை முன்வைக்கும். அவ்வளவுதான். பார்க்க எளிமையாக இருக்கும் இந்த இரட்டை வினா, வாசிப்பில் ஏற்படுத்தும் மாற்றத்தை நான் வேறு எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கண்டதில்லை.

‘கழுத்தணி’ கதையை எடுத்துக்கொள்வோம். கல்வி அமைச்சகத்தில் எழுத்தராக இருப்பவரின் மனைவி மத்தில்டு, தன் வாழ்க்கை தனக்குரிய உயரத்தில் இல்லை என்று ஏங்குகிறவள். அமைச்சர் அளிக்கும் விருந்துக்கு அழைப்பு வருகிறது. துப்பாக்கி வாங்கச் சேர்த்துவைத்திருந்த 400 ஃபிராங்கைக் கணவன் அவளுடைய உடைக்குக் கொடுக்கிறான். தோழி மதாம் ஃபொரஸ்தியேயிடம் வைரக் கழுத்தணியை இரவல் வாங்குகிறாள். விருந்திலிருந்து திரும்பும்போது அது தொலைந்துவிடுகிறது. தோழியிடம் சொல்லாமல், அதேபோன்ற ஒன்றை 36,000 ஃபிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள் உழைத்து உருக்குலைகிறாள். இறுதியில் தோழியைச் சந்திக்கும்போது, இரவல் வாங்கிய நகை போலி என்றும் அதிகம் போனால் 500 ஃபிராங்கு பெறும் என்றும் தெரியவருகிறது.

இந்தக் கதையின் மையக் கருத்து என்ன என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் வரும் விடை, “இரவல் வாங்கக் கூடாது” என்பதுதான். “இக்கதையால் அறியப்படும் நீதி” என்று ஒவ்வொரு கதையின் அடியிலும் ஒரு வரியைப் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். கதை என்றால் அதற்குள் ஒரு அறிவுரை ஒளிந்திருக்கும், அதை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டாம் பகுதி வினா வந்து, “எந்த வரி அதைச் சொல்கிறது?” என்று கேட்கும்போது தடுமாற்றம் தொடங்குகிறது. இரவல் கொடுத்த தோழி தயங்கவில்லை. கேட்டதும் தாராளமாகக் கொடுத்தாள். அவளுக்கு எந்த இழப்பும் நேரவில்லை. மத்தில்டின் வீழ்ச்சிக்கு இரவல் மட்டும் காரணம் என்று காட்ட ஒரு வரியைத் தேடினால் உறுதியாக நிற்கும் வரி எதுவும் கிடைப்பதில்லை. மாறாக, கொக்கி உடைந்துவிட்டது, அதைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம் என்று கணவன் சொல்லச்சொல்ல அவள் தோழிக்கு எழுதும் கடிதம் கண்ணில் படுகிறது. அந்த ஒரு கடிதத்தில் உண்மையை எழுதியிருந்தால் பத்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்பது அப்போது புரிகிறது. கதையின் தொடக்கத்தில் அவள் தன் வீட்டுச் சுவர்களையும் நாற்காலிகளையும் பார்த்து வருந்தும் பத்திகள் மறுபடி வாசிக்கப்படுகின்றன. இருப்பதில் நிறைவு காணாத மனமா, உண்மையைச் சொல்லத் துணியாத மனமா, எது அவளைக் கெடுத்தது என்ற விவாதம் வகுப்பில் எழுகிறது. இந்த இரண்டுக்கும் கதையில் சான்று உண்டு.

இதே கதையில், நகை போலி என்பதற்கான தடயங்களை மொப்பஸான் முன்பே வைத்திருக்கிறார் என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் கட்டம். பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடைக்காரர், அந்த நகையைத் தாம் விற்கவில்லை என்றும், பெட்டியை மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். முதல் வாசிப்பில் எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது. விலை உயர்ந்த வைரத்தை அதற்குரிய பெட்டியில்லாமல் யார் வாங்குவார்கள் என்று இரண்டாம் வாசிப்பில் ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அதன்பின் மற்றவர்கள் தடயம் தேடத் தொடங்கிவிடுவார்கள். நகை திரும்பி வந்தபோது, மத்தில்டு அஞ்சியதற்கு மாறாக, தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்ற வரியும் அடுத்து அகப்படும். இந்தத் தேடலைத் தூண்டுவது, ஒவ்வொரு முடிவுக்கும் வரி காட்ட வேண்டும் என்ற அந்த இரட்டை வினாப் பழக்கமே.

ஆயினும் இதே இடத்தில்தான் இந்தச் சேவையின் பெரிய குறையும் இருக்கிறது. தெரிவு வினா ஒரே ஒரு விடையை மட்டுமே சரி என்று ஏற்கும். கதையோ ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புக்கு இடம் தரும். மதிப்பெண்ணுக்காகப் பழகிய பிள்ளை, கணினி எதைச் சரி என்கிறதோ அதுவே கதையின் பொருள் என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து உண்மையானது. தவிர, இரண்டாம் பகுதியில் கொடுக்கப்படும் நான்கு வரிகளைப் பார்த்து, அவற்றுள் எது முதற்பகுதியின் எந்த விடையோடு பொருந்துகிறது என்று பின்னிருந்து ஊகித்துக் கதையைப் படிக்காமலேயே விடை கண்டுபிடிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. எனவே முதற்பகுதியை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, விடைகளாகத் தரப்பட்ட நான்கையும் மறைத்துவிடுகிறேன். மாணவர்கள் தாங்களே ஒரு விடையை எழுதி, தாங்களே கதையிலிருந்து ஒரு வரியைப் பெயர்த்தெழுதிய பிறகுதான் காமன்லிட்டின் நான்கு விடைகளைக் காட்டுகிறேன். தாங்கள் எழுதியது அந்த நான்கில் எதற்கு அருகில் இருக்கிறது, எங்கே விலகுகிறது என்று அவர்கள் ஒப்பிடும்போது, வினாவைத் தயாரித்தவரோடு அவர்கள் வாதாடத் தொடங்குகிறார்கள். இந்தச் சேவையைக் கிடைத்தபடியே பயன்படுத்தாமல் இந்த ஒரு மாற்றத்தோடு பயன்படுத்தும்படி எல்லா ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வழிகாட்டி வாசிப்பு என்ற ஒரு முறையும் இதில் உண்டு. மாணவர் கதையைப் படித்துச் செல்லும்போதே இடையிடையே சிறு வினாக்கள் தோன்றும். அதற்கு விடையளித்த பிறகே தொடர்ந்து செல்லலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இது நல்ல ஊன்றுகோல், ஏனெனில் முதற்பக்கத்திலேயே வழி தவறிவிட்டவர் ஐந்தாம் பக்கம் வரை ஒன்றும் புரியாமலேயே போய்ச் சேரும் அவலத்தை அது தடுக்கிறது. ஆனால் எல்லாக் கதைக்கும் அது பொருந்தாது. ‘காட்டிக்கொடுத்த இதயம்’ போன்ற கதையில், கொலை செய்தவன் தன் அறிவுத் தெளிவை நிறுவிக்கொண்டே பித்தின் உச்சிக்கு ஏறும் அந்த மூச்சிரைப்பை இடையில் ஒரு கேள்வி வந்து அறுத்தால் கதை செத்துவிடும். ஆசிரியர் இந்த முறையை நிறுத்திவைக்க முடியும். திகில் கதைகளுக்கு முதல் வாசிப்பில் நிறுத்தி, இரண்டாம் வாசிப்பில் இயக்குவதே முறை என்பது என் கருத்து. 

‘குரங்கின் பாதம்’ கதைக்கும் அப்படியே. அந்தக் கதையின் கடைசி வேண்டுதல் என்ன என்று ஜேக்கப்ஸ் எழுதவே இல்லை. முதல் வேண்டுதலால் 200 பவுண்டு வருகிறது, மகனின் சாவுக்கு ஈடாக, இரண்டாவதாக மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று தாயின் பிடிவாதத்தால் தந்தை வேண்டுகிறார், கதவு தட்டப்படுகிறது, தாய் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடும்போது தந்தை தரையில் தடவிப் பாதத்தைக் கண்டெடுத்து மூன்றாவது வேண்டுதலை முணுமுணுக்கிறார். தட்டும் ஓசை நின்றுபோகிறது. கதவைத் திறந்தால் வெறிச்சோடிய தெரு. அவர் என்ன வேண்டினார், ஏன் வேண்டினார் என்பதை வாசகர் தன் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். உய்த்துணர்தல் என்ற திறனை விளக்கப் பக்கம் பக்கமாக இலக்கணம் சொல்ல வேண்டாம். இந்த ஒரு கதையைப் படிக்க வைத்தால் போதும்.

அடுத்து, நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் மிக முக்கியமாகக் கருதும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். புரிந்துகொள்ளல் என்பது எந்தப் பகுதியிலும் ஒரேபோல வேலை செய்யும் பொதுத் திறன் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய இருவர் நடத்திய ஆய்வு இதை அசைத்துப் பார்த்தது. பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையை ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தபோது, வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் ஆட்டத்தை அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்தவர்களாயினும் ஆட்டத்தை அறியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் வருணனையை எந்தப் பிள்ளையும் சிரமமின்றிப் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. 

காமன்லிட்டின் கதைகள் அமெரிக்க மாணவரை மனத்தில் வைத்துக் குறிப்பு எழுதப்பட்டவை. அதன் அடிக்குறிப்புகள் சொற்பொருளைத் தருகின்றன. ஆனால் அந்தச் சொல் சுமந்துவரும் உலகத்தைத் தருவதில்லை. ‘ஞானியரின் பரிசு’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து பரிசுகளோடு வந்த ஞானியரின் கதை தெரியாத பிள்ளைக்கு, கடைசிப் பத்தியில் ஓ. ஹென்றி டெல்லா, ஜிம் என்னும் ஏழைத் தம்பதியை அந்த ஞானியரோடு ஒப்பிடுவது எதற்கென்று விளங்காது. வேளாங்கண்ணியிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்த பிள்ளை அதை உடனே பிடித்துக்கொள்ளும். என் வகுப்பில் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களைப் பார்த்திருந்த மாணவிதான் மற்றவர்களுக்கு அதை விளக்கினாள். ஆகவே ஒவ்வொரு கதைக்கும் முன்னால் பத்து நிமிடம் பின்னணிக்கு ஒதுக்குவது ஆசிரியரின் கடமை. அதை இந்தச் சேவை நமக்காகச் செய்துதராது.

ஆனால் அதே கதையில் எந்தப் பின்னணியும் தேவைப்படாத நுணுக்கங்களும் நிறைய உள்ளன, அவற்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கதை 1 டாலர் 87 சென்ட் என்ற தொகையோடு தொடங்குகிறது. டெல்லா தன் கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். கணவன் ஜிம்மிடம் இருப்பது கைக்கடிகாரமல்ல, பையில் வைத்துக்கொள்ளும் பரம்பரைக் கடிகாரம். அதற்கான சங்கிலியை அவனுக்குப் பரிசாக 21 டாலருக்கு வாங்குகிறாள். மிச்சம் 87 சென்ட் என்று கதை சொல்கிறது. கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொன்னால் கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். தன்னிடம் இருந்ததில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அவள் கொடுத்துவிட்டாள் என்பது அந்த எண்களால் உறைக்கிறது. ஜிம்மின் வாரச் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 ஆகக் குறைந்திருப்பதும், வீட்டு வாடகை வாரம் 8 டாலர் என்பதும் முதற்பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது என்று கேட்டால், தங்கள் வீட்டு வாடகையோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்குவார்கள். 1905-இல் எழுதப்பட்ட நியூயார்க் கதை ஒன்று நம் தெருவுக்குள் வருவது இப்படித்தான்.

கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது லெக்ஸைல் என்ற அளவையும் வகுப்பு எண்ணையும் இந்தச் சேவை காட்டுகிறது. லெக்ஸைல் பெரும்பாலும் வாக்கியத்தின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வழக்கில் வருகின்றன என்பதையும் வைத்துக் கணக்கிடப்படுவது. சிறு வாக்கியங்களில், எளிய சொற்களில் எழுதப்பட்ட கதை குறைந்த எண்ணைப் பெறும். ஆனால் அந்த எளிமைக்கு அடியில் பேசப்படாத துயரம் ஒன்று கிடந்தால், அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை எட்டிப்பிடிக்காது. எண்ணைப் பார்த்துக் கதையைத் தேர்வு செய்யாதீர்கள். நீங்களே முழுவதும் படித்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள். ‘ஒரு மணி நேரத்தின் கதை’யில், கணவன் இறந்ததாகச் செய்தி வந்தபின் ஒரு பெண்ணுக்குள் எழும் விடுதலை உணர்வைப் பதினொன்றாம் வகுப்புக்கு முன்னால் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். சொற்கள் கடினம் என்பதனால் அன்று; அந்த உணர்வைப் பழிக்காமல் கேட்டுக்கொள்ளும் வயது வர வேண்டும் என்பதனால்.

விவாத வினாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கதைக்குப் பொருந்திய நல்ல வினாக்கள் சில இருக்கும். அன்பு என்றால் என்ன, நாம் ஏன் அஞ்சுகிறோம் என்ற அளவுக்கு அகன்றுபோன பொது வினாக்கள் அவற்றோடு கலந்திருக்கும். பின்னவற்றில் பிள்ளைகள் கதையை மறந்து மேடைப்பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள். நான் அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன். ஒவ்வொரு கதையோடும் இணைத்துப் படிக்கத்தக்க வேறு பகுதிகளைப் பரிந்துரைக்கும் ஏற்பாடு அதைவிடப் பயனுள்ளது. ஒரே கருத்தைக் கதையும் கட்டுரையும் எப்படி வேறுவேறாகக் கையாளுகின்றன என்று காட்ட அது உதவும்.

எழுத்து விடைகளை ஆசிரியர்தான் படித்து மதிப்பிட வேண்டும். தெரிவு வினாக்களைக் கணினி திருத்திவிடுகிறது என்பதால் அத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை யாருக்கும் எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளை கதையை எந்த அளவுக்கு உள்வாங்கியிருக்கிறது என்பது, அது தன் சொந்த வாக்கியத்தில், மேற்கோளாக ஒரு வரியைச் சேர்த்து எழுதும் அந்த ஒரு பத்தியில்தான் தெரியும். இலக்கணப் பிழைகளை முதல் திருத்தத்தில் தொடாமல், “இந்த வரி உன் கருத்தை எப்படிக் காட்டுகிறது?” என்ற ஒரே குறிப்பை மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தால், இரண்டாம் முறை எழுதுவதில் சிந்தனை தெளிந்திருப்பதைக் காணலாம்.

இந்த முறையைத் தமிழ்க் கதைகளுக்கும் கொண்டுசெல்ல முடியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் வாசிப்பின் ஆழத்தைத் தாய்மொழியில் முதலில் தொட்டுவிட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதைத் தொடுவது எளிதாகிறது. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதைக்கு நானே இரட்டை வினாக்கள் தயாரித்துப் பயன்படுத்துகிறேன். தீபாவளிக்கு முந்தைய நாள், ஏழைத் தாய் தாயம்மாளின் வீட்டு வாசலுக்கு ராஜா என்ற பெயருடைய, தாய் தந்தையற்ற சிறுவன் வந்து சேர்கிறான். பணக்கார வீட்டு ராமசாமியின் அக்காள் கணவரான ஜமீன் ராஜா அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். தன் கணவனுக்கென்று வைத்திருந்த புதுத் துண்டைத் தாயம்மாள் அந்த அநாதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். மறுநாள் ராமசாமி தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கும் பெருமையைச் சொல்லும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் சிறுமி மங்கம்மாள். அவள் அறியாமையால் பேசுகிறாளா, பெருமிதத்தோடு பேசுகிறாளா என்பது முதற்பகுதி வினா. உன் விடைக்கு ஆதாரமான வரியை, குழந்தைகள் புத்தகத்தின் படங்களை வைத்துப் போட்டி போட்டு விளையாடும் கதையின் தொடக்கத்திலிருந்து எடுத்துக்காட்டு என்பது இரண்டாம் பகுதி. அந்த விளையாட்டுக் காட்சி எதற்காகக் கதையின் முன்னால் அவ்வளவு நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த வினாவுக்கு விடை தேடும்போதுதான் பல மாணவர்கள் உணர்கிறார்கள். உன்னிடம் இருப்பது என்னிடமும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்ற அந்தக் குழந்தைப் போட்டியின் கடைசிச் சுற்றே அந்த இறுதி வாக்கியம். 

நடைமுறைச் செய்திகள் சில. ஆசிரியர் கணக்கு தொடங்கி, ஆசிரியர் என்று சரிபார்க்கப்பட்ட பிறகே விடைக்குறிப்புகள் திறக்கும். பெற்றோர் தங்கள் பிள்ளைக்காகப் பயன்படுத்தினாலும் விடைகளை நம்பியிராமல் கதையைத் தாங்களும் படிப்பது நல்லது. ஒவ்வொரு கதையும் வினாக்களோடு பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கிறது. கணினி அறை இல்லாத பள்ளிகளும், இணைய வேகம் குறைந்த ஊர்களும் அதை அச்சிட்டு நகலெடுத்துக்கொண்டால் போதும். என் வகுப்பில் பெரும்பாலும் தாள்தான், ஏனெனில் அடிக்கோடிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதும் கை, வாசிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. திரையில் படிப்பவர்களுக்கும் வரிகளை வண்ணமிட்டுக் குறிப்பு எழுதும் வசதி உண்டு. கதையை உரக்கப் படித்துக் காட்டும் வசதியை ஆங்கில ஒலிப்புக்குப் பழகாத பிள்ளைகள் முதல் வாசிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ள மாணவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு நேரம் போதாது. ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளின் தொடக்கமே ஏற்ற காலம். மாதத்துக்கு இரண்டு கதைகளுக்கு மேல் வேண்டாம். முதற்கதையாக ‘கழுத்தணி’யைக் கொடுங்கள், அதன் கதைப்போக்கு நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல, நகையும் இரவலும் பிறர் பார்வைக்கு அஞ்சும் மனமும் அவர்கள் அறிந்தவையே. அடுத்து ‘குரங்கின் பாதம்’. ‘ஞானியரின் பரிசு’ டிசம்பர் மாதத்துக்கு. மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஓ. ஹென்றியின் ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ இடம்பெற்றுள்ளதால், அதற்குச் செல்லும் முன் அவருடைய இந்தக் கதையைப் படித்திருப்பது பாடத்துக்கும் உதவும். அந்தப் பாடத்தை நடத்தும்போது கைடை மூடிவைக்கச் சொல்லி, தீக்குச்சி வெளிச்சத்தில் காவலர் என்ன கண்டார் என்று கேட்டு, அதற்கான வரியைத் தேடச் சொல்லுங்கள்.